அஃபிஷியல் என்றால் உண்மையா? டிவி தொடர்கள் காமிக்ஸாக நீளும்போது நடப்பது என்ன

கீழக்கரையிலும் மண்டபத்திலும் கல்லூரிப் பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்து கார்ட்டூன் பேச ஆரம்பித்தால் 'அவதார்: த லாஸ்ட் ஏர்பெண்டர்' வராமல் போகாது. நீர், நிலம், நெருப்பு, காற்று நான்கையும் ஆளப் பிறந்த ஆங் என்ற சிறுவனின் கதை. 2005-இல் நிக்கலோடியன் சேனலில் தொடங்கி 61 எபிசோடுகளோடு 2008-இல் முடிந்தது. "எங்க முடிஞ்சது? அதுக்கப்புறம் காமிக்ஸா வந்திருக்கே" என்று யாராவது சொன்னதும் வாதம் சூடு பிடித்துவிடும். அஃபிஷியல் காமிக்ஸ் என்பதால் அதில் வருவதெல்லாம் நடந்ததுதான், ஒத்துக்கொள் என்பது ஒரு கட்சி. டிவியில் வராததை நான் ஏன் ஒத்துக்கொள்ள வேண்டும் என்பது இன்னொரு கட்சி.

இந்த வாதம் தீராததற்குக் காரணம், மூன்று தனித்தனிக் கேள்விகள் இதில் சிக்கிக் கிடப்பதுதான். அந்தக் காமிக்ஸை வெளியிட யாருக்கு உரிமை? கதைக்குள் அது நடந்ததாகக் கணக்கா? படித்தவர் மனதில் அது ஒட்டியதா? முதல் கேள்விக்குப் பதில் 'ஆம்' என்பதால் மற்ற இரண்டுக்கும் 'ஆம்' ஆகிவிடாது. இதைப் புரிந்துகொண்டால் ரசிகர்களின் கோபத்தையும் சந்தோஷத்தையும் புரிந்துகொள்வது சுலபம்.

சில தொடர்களின் முடிவுகளை இங்கே வெளிப்படையாகப் பேச வேண்டியிருக்கிறது. பார்த்து முடிக்காதவர்கள் அந்தப் பத்திகளைத் தாண்டிப் போகலாம்.

முதலில் உரிமை

ஒரு தொடரை உருவாக்குபவர் வேறு, அதன் சொந்தக்காரர் வேறு. அவதாரை உருவாக்கியவர்கள் மைக்கேல் டான்டே டிமார்டினோவும் பிரையன் கொனியெட்ஸ்கோவும். ஆனால் பாத்திரங்களின் உரிமை நிக்கலோடியனிடம் இருக்கிறது. அந்தப் பாத்திரங்களை வைத்து ஒரு பதிப்பகம் காமிக்ஸ் போட வேண்டுமென்றால் பணம் கட்டி, நிபந்தனைகளுக்குக் கையெழுத்துப் போட்டு அனுமதி வாங்க வேண்டும். இந்த அனுமதிதான் லைசென்ஸ்.

சாயல்குடிப் பக்கத்துப் பனங்காடுகளைத் தெரிந்தவர்களுக்கு இது புதிதல்ல. மரத்துக்குச் சொந்தக்காரர் எல்லோரும் மரம் ஏறுவதில்லை. பருவத்துக்குக் குத்தகைக்கு விடுவார்கள். குத்தகை எடுத்தவர் பாளை சீவலாம், பதநீர் இறக்கலாம், கருப்பட்டி காய்ச்சி விற்கலாம். கருப்பட்டியின் ருசி முழுக்க அவர் கைப்பக்குவம். ஆனால் மரத்தை வெட்ட அவருக்கு அதிகாரம் கிடையாது. குத்தகைக் காலம் முடிந்தால் கலயத்தை அவிழ்த்துக்கொண்டு இறங்க வேண்டியதுதான். அடுத்த பருவத்துக்குச் சொந்தக்காரர் வேறு ஆளுக்கு விடலாம், அல்லது தானே இறக்கிக்கொள்ளலாம்.

காமிக்ஸ் பதிப்பகங்களின் நிலைமையும் ஏறத்தாழ இதுதான். 'பஃபி த வாம்பயர் ஸ்லேயர்' என்ற அமெரிக்கத் தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். ரத்தக்காட்டேரிகளை வேட்டையாடும் பள்ளிக்கூடப் பெண்ணின் கதை. ஏழு சீசன், 144 எபிசோடு, 2003-இல் முடிந்தது. அதன் காமிக்ஸ் உரிமை டார்க் ஹார்ஸ் பதிப்பகத்திடம் இருந்தது. அதிலிருந்து கிளைத்த 'ஏஞ்சல்' தொடரின் உரிமை சில வருடங்கள் ஐடிடபிள்யூ என்ற வேறொரு பதிப்பகத்திடம் இருந்தது. டிவியில் பஃபியும் ஏஞ்சலும் ஒரே உலகத்தில் வாழ்ந்தவர்கள், காதலித்தவர்கள். காகிதத்தில் அவர்கள் இரண்டு கம்பெனிகளின் ஒப்பந்தத்துக்குள் பிரிந்து கிடந்தார்கள். 2011-இல் ஏஞ்சல் டார்க் ஹார்ஸுக்குத் திரும்பிய பிறகுதான் இரண்டு கதைகளும் சிக்கலில்லாமல் கைகோத்தன. 2019-இல் பூம் ஸ்டூடியோஸ் என்ற பதிப்பகம் பஃபி காமிக்ஸைப் போடத் தொடங்கியபோது, பழையதைத் தொடராமல் பள்ளிக்கூடத்திலிருந்து புதிதாகவே ஆரம்பித்துவிட்டது. பதினோரு வருடமாக டார்க் ஹார்ஸ் வளர்த்த தொடர்ச்சி அதோடு நின்றது. இதில் எழுத்தாளரின் குற்றம் என்று எதுவும் இல்லை. குத்தகை கைமாறியது, அவ்வளவுதான்.

ஆக, அட்டையில் 'அஃபிஷியல்' என்று இருந்தால் அதன் நேரான பொருள், இதை வெளியிட அனுமதி வாங்கியிருக்கிறார்கள் என்பது மட்டும்தான். நல்ல கதை என்றோ கடைசிவரை செல்லுபடியாகும் என்றோ அதற்குப் பொருள் இல்லை.

நடந்ததாகக் கணக்கா?

இரண்டாவது கேள்விக்கு ரசிகர்கள் வைத்திருக்கும் பெயர் கேனான். ஒரு கற்பனை உலகத்தில் 'இது நடந்தது' என்று எல்லோரும் அடிப்படையாக எடுத்துக்கொள்ளும் கதைகளின் தொகுப்பு அது. அவதாரில் நாட்டைவிட்டுத் துரத்தப்பட்ட இளவரசன் ஸூக்கோ கடைசியில் நெருப்பு நாட்டின் அரசன் ஆகிறான் என்பது கேனான். யாரும் மறுக்க முடியாது, 61 எபிசோடுகளில் இருக்கிறது. ஒரு ரசிகை தன் நோட்டில் எழுதி வைத்த கதை கேனான் ஆகாது, எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

அஃபிஷியல் காமிக்ஸ் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அதன் கனத்தைக் கூட்டுவது பெரும்பாலும் ஒரே விஷயம்தான்: மூலத்தொடரை உருவாக்கியவர் அதில் கை வைத்திருக்கிறாரா என்பது. பஃபியின் 'சீசன் எட்டு' 2007 மார்ச்சில் காமிக்ஸாக வந்தபோது, தொடரை உருவாக்கிய ஜாஸ் வீடனே முதல் கதையை எழுதி, முழு வரிசைக்கும் மேற்பார்வை பார்த்தார். வரிசைக்கு அவர்கள் வைத்த பெயரைக் கவனியுங்கள். 'பஃபியின் புதிய சாகசங்கள்' என்று வைக்கவில்லை. டிவியில் ஏழு சீசன், இது எட்டு. விட்ட இடத்தில் எண்ணிக்கை தொடர்கிறது, இதையும் கணக்கில் சேருங்கள் என்று அட்டையே கேட்டுக்கொள்கிறது.

அப்படிக் கேட்டால் போதுமா? 'தி எக்ஸ்-ஃபைல்ஸ்' தொடரில் நடந்ததைப் பார்த்தால் போதாது என்று தெரியும். முல்டர், ஸ்கல்லி என்ற இரண்டு எஃப்பிஐ ஏஜெண்டுகளின் கதை. 1993-இல் தொடங்கி ஒன்பது சீசனோடு 2002-இல் முடிந்தது. 2013-இல் ஐடிடபிள்யூ பதிப்பகம் 'சீசன் 10' என்ற பெயரில் காமிக்ஸ் தொடங்கியது. எழுதியவர் ஜோ ஹாரிஸ். தொடரை உருவாக்கிய கிறிஸ் கார்ட்டரின் பெயரும் மேற்பார்வையாளராக இருந்தது. ரசிகர்களுக்கு இதைவிட என்ன உத்தரவாதம் வேண்டும்? முல்டரின் நண்பர்களான லோன் கன்மேன் என்ற மூவர் அணி டிவியில் இறந்துபோயிருந்தது. காமிக்ஸ் அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து, அந்த மரணமே ஒரு நாடகம் என்றது. பின்னால் வரும் கதை முன்னால் சொன்னதை இப்படித் திருத்தி எழுதுவதை ரெட்கான் என்பார்கள்.

அப்புறம் 2016 ஜனவரியில் எக்ஸ்-ஃபைல்ஸ் டிவிக்கே திரும்பி வந்தது. அதுவும் பத்தாவது சீசனாக! காமிக்ஸில் நடந்த எதையும் அது கணக்கில் எடுக்கவில்லை. 2018-இல் வந்த ஒரு எபிசோடில் முல்டரும் ஸ்கல்லியும் ஆர்லிங்டன் கல்லறைத் தோட்டத்தில் அந்த மூன்று நண்பர்களின் கல்லறைகளுக்கு முன்னால் நிற்கிறார்கள். காமிக்ஸை மாதாமாதம் காசு கொடுத்து வாங்கிப் படித்தவருக்கு அந்தக் காட்சி எப்படி இருந்திருக்கும்? அவர் படித்த கதையில் அந்த மூவரும் உயிரோடு ஒளிந்து வாழ்கிறார்கள். திரையில் கல்லில் பெயர் வெட்டியிருக்கிறது. ஒரே தொடருக்கு இரண்டு 'சீசன் 10'. இரண்டும் அனுமதி பெற்றவை, இரண்டிலும் கிறிஸ் கார்ட்டர் பெயர். ஆனால் காமிக்ஸ்தான் ஒதுங்கிப்போனது.

சூப்பர்மேனின் இளமைக் காலத்தைச் சொன்ன 'ஸ்மால்வில்' தொடருக்கும் இதே கதிதான். 2011-இல் பத்து சீசனோடு முடிந்தது. 2012-இல் டிசி நிறுவனம் பதினோராவது சீசனைக் காமிக்ஸாக எடுத்து, சூப்பர்மேன் உடையில் கிளார்க்கைப் பறக்கவிட்டது. 2019 டிசம்பரில் அதே நடிகர் டாம் வெல்லிங் வேறொரு தொடரில் அதே கிளார்க்காக எட்டிப் பார்த்தபோது, சக்தியையெல்லாம் துறந்துவிட்டுப் பண்ணை வீட்டில் குடும்பஸ்தனாக இருந்தார்.

திரை ஏன் எப்போதும் ஜெயிக்கிறது

இது ஓரவஞ்சனை மாதிரித் தோன்றும். காரணம் ஆள் கணக்குதான். ஒரு டிவி தொடரை லட்சக்கணக்கான பேர், சில சமயம் கோடிக்கணக்கான பேர் பார்த்திருப்பார்கள். அதன் காமிக்ஸைத் தேடிப்போய்ப் படிப்பவர்கள் அதில் சின்னப் பகுதி. தொடர் திரும்ப வரும்போது தயாரிப்பாளர் பெரிய கூட்டத்துக்காகத்தான் எடுக்க முடியும். "போன கதை புரிய வேண்டுமானால் முப்பது இதழ் காமிக்ஸ் படித்துவிட்டு வாருங்கள்" என்று டிவி பார்க்க உட்கார்ந்தவரிடம் சொல்ல முடியாது. அதனால், காமிக்ஸ் வாசகருக்கு எவ்வளவு வலித்தாலும், திரையில் வந்ததைத் திரைதான் தொடரும்.

இதை ஒரு ஏமாற்று வேலையாகப் பார்ப்பவர்கள் உண்டு. எனக்கு அதில் பாதி உடன்பாடு. கதையை யார் வேண்டுமானாலும் பின்னால் மாற்றலாம்; அதை ஏமாற்று என்று சொல்ல மாட்டேன். ஆனால் 'சீசன் 10' என்று அட்டையில் போட்டு விற்றது ஒரு வாக்குறுதி. அந்த வாக்குறுதியைக் கொடுக்கும்போதே, அதைக் காப்பாற்றும் அதிகாரம் தங்களிடம் இல்லை என்று பதிப்பகத்துக்குத் தெரியும்.

இதுவரை பார்த்ததைச் சேர்த்துச் சொன்னால்: லைசென்ஸ் என்பது வெளியிடும் அனுமதி. கேனான் என்பது கதைக்குள் செல்லும் கணக்கு. மூலத்தொடரை உருவாக்கியவர் கூட இருந்தால் காமிக்ஸுக்குக் கேனான் மதிப்பு கூடும். திரும்பத் திரையில் ஏதாவது வந்தால் அந்த மதிப்பு எப்போது வேண்டுமானாலும் சரியலாம்.

காகிதத்தில் எது மாறுகிறது

மூன்றாவது கேள்விக்கு வருவோம். உரிமை சரி, கணக்கும் சரி. அப்படியும் படித்தவர் "இது என் பஃபி இல்லை" என்று ஏன் சொல்கிறார்?

முதல் காரணம் குரல். இந்தக் கரையில் இலங்கை வானொலியைக் கேட்டே வளர்ந்த ஒரு தலைமுறை இருக்கிறது. குரல் மட்டுமே ஒரு ஆளை மனசுக்குள் எப்படிக் கொண்டுவந்து உட்கார வைக்கும் என்று அவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ஸூக்கோ என்றால் டான்டே பாஸ்கோவின் அந்தக் கரகரத்த குரல்; கோபத்திலும் பாதி அழுகை கலந்திருக்கும். காமிக்ஸில் அந்த வசனம் வெறும் பலூனுக்குள் இருக்கிறது. படிப்பவர் தன் நினைவிலிருந்து அந்தக் குரலை எடுத்துப் பொருத்திக்கொள்ள வேண்டும். வசனம் கொஞ்சம் பிசகினாலும் குரல் பொருந்தாது, உடனே மனசு விலகிவிடும். 2012-இல் 'தி ப்ராமிஸ்' என்ற முதல் தொடர்ச்சி வந்தபோது, ஆங்கும் அவன் காதலி கட்டாராவும் ஒருவரையொருவர் 'ஸ்வீட்டி' என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். அரசியலும் காலனியும் பேசும் கனமான கதை அது. ஆனால் பல ரசிகர்கள் அதிகம் குறைபட்டுக்கொண்டது அந்த ஒரு சொல்லைப் பற்றித்தான். வெளியிலிருந்து பார்த்தால் அற்பமாகத் தெரியும். பன்னிரண்டு வயதிலிருந்து கூடவே இருந்த ஒருவன் திடீரென்று அந்நியனாகப் பேசினால் உறுத்தாதா?

இரண்டாவது காரணம் செலவு. டிவியில் ஒரு பெரிய அரக்கனைக் காட்டக் காசு வேண்டும். காகிதத்தில் ஓவியரின் நேரம் மட்டும் போதும். இது வரம் போலத்தான் முதலில் தோன்றும். பஃபி டிவியில் ஒரு சின்ன ஊருக்குள் நடந்த கதை. பள்ளி வராந்தா, நூலகம், கல்லறைத் தோட்டம். காசு இல்லாததாலேயே பாத்திரங்கள் ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பேசினார்கள். அந்தப் பேச்சுக்குத்தான் நாம் அடிமையானோம். சீசன் எட்டில் பஃபி ஸ்காட்லாந்தில் ஒரு கோட்டையில் படையோடு இருக்கிறாள். தங்கை டான் சாபத்தால் கட்டடம் உயரத்துக்கு வளர்ந்துவிடுகிறாள். பிறகு பாதிக் குதிரையாகிறாள், பிறகு பொம்மையாகிறாள். பஃபிக்குப் பறக்கும் சக்தி வருகிறது. முகமூடி போட்ட எதிரி யாரென்று பார்த்தால் ஏஞ்சல். வரிசை முடிவதற்கு ஒரு இதழ் முன்னால், அதாவது 39-ஆவது இதழில், பஃபிக்குத் தகப்பன் ஸ்தானத்தில் இருந்த ஜைல்ஸ் கொல்லப்படுகிறார்.

ஆரம்பத்தில் கொண்டாடியவர்களே பாதியில் களைத்தார்கள். வானத்துக்கும் பூமிக்கும் கதை விரிய விரிய, மேஜையைச் சுற்றிய பேச்சு குறைந்தது. 2011-இல் 40-ஆவது இதழோடு சீசன் எட்டு முடிந்தபோது, அடுத்ததைத் தரைக்கு இறக்கப்போவதாக வீடனே வாசகர்களுக்கு எழுதினார். அப்படியே செய்தார்கள்: சீசன் ஒன்பது 25 இதழ்களுக்குள், வாடகை வீடும் வேலையும் நட்புமாக நடந்தது. ரசிகர் முணுமுணுப்புக்கு இது ஒரு நல்ல பலன். கோபப்பட்டவர்கள் வெறுமனே புலம்பவில்லை. கதையில் எது உயிர் என்று சரியாகவே சொன்னார்கள்.

மூன்றாவது, வேகம். அமெரிக்க மாத இதழ் ஒன்றில் கதை இருபது, இருபத்திரண்டு பக்கம்தான். டிவி எபிசோடு ஒன்றுக்கு ஈடான கதையைச் சொல்ல நாலைந்து மாதம் ஆகும். நடுவில் வாசகர் தன் கற்பனையை வளர்த்துக்கொண்டே இருப்பார். மொத்தத் தொகுப்பாக ஒரே மூச்சில் படிப்பவருக்கு அந்த எரிச்சல் தெரியாது. அதே கதையை ஒருவர் திட்டுவதும் இன்னொருவர் ரசிப்பதும் சில சமயம் இதனாலேயே.

ஒரு பழைய வேறுபாட்டையும் சொல்லிவிடுகிறேன். சிவகாசியிலிருந்து 1972-இல் முத்து காமிக்ஸும் 1984-இல் லயன் காமிக்ஸும் வந்த காலத்திலிருந்து படிக்கும் மூத்த வாசகர்கள் நம் பக்கம் நிறைய உண்டு. இரும்புக்கை மாயாவியை அவர்கள் எந்தத் திரையிலும் பார்த்ததில்லை, காகிதம்தான் அசல். அவர்களிடம் "காமிக்ஸ்தானே" என்று சொன்னால் கோபம் வரும். டிவியிலிருந்து காமிக்ஸுக்கு வரும் இளையவர்களுக்குக் காகிதம் இரண்டாம் பந்தி. ஒரே புத்தகத்தை இரண்டு பேரும் வேறு எதிர்பார்ப்போடு திறக்கிறார்கள்.

பதில் கிடைத்தால் எல்லோருக்கும் சந்தோஷமா?

அவதார் கடைசி எபிசோடில் ஒரு காட்சி. சிறைக்குள் தோற்றுப்போன ஓஸாய் தரையில் கிடக்கிறான். புதிதாக அரசனான மகன் ஸூக்கோ உள்ளே வந்து பேசுகிறான். கடைசியில் குரல் உயர்த்திக் கேட்கிறான்: என் அம்மா எங்கே? பதில் வருவதற்குள் காட்சி வெட்டுகிறது. அப்புறம் அதைப் பற்றித் தொடரில் பேச்சே இல்லை.

ரசிகர்கள் அந்தப் பதிலுக்கு ஐந்து வருடம் காத்திருந்தார்கள். 2013-இல் ஜீன் லுவென் யாங் எழுதி, குரிஹிரு என்ற ஜப்பானிய ஓவிய இரட்டையர் வரைந்த 'தி சர்ச்' மூன்று பாகமாக வந்தது. உருவாக்கியவர்கள் இருவரும் கதையில் பங்கெடுத்தார்கள். பதில் இதுதான்: நாடு கடத்தப்பட்ட ஸூக்கோவின் அம்மா உர்ஸா, பிள்ளைகளைப் பிரிந்த வேதனை தாங்காமல் ஒரு தெய்வ ஆவியிடம் வேறு முகம் கேட்டு வாங்கிக்கொள்கிறாள். கூடவே பழைய நினைவு முழுவதையும் அழிக்க ஒப்புக்கொள்கிறாள். வேறு பெயரில், வேறு கணவன், இன்னொரு மகளோடு ஒரு கிராமத்தில் நிம்மதியாக இருக்கிறாள். தேடி வந்த மகன் முன்னால் நிற்கிறான். அவளுக்கு அவனைத் தெரியவில்லை.

கீழக்கரையில் எனக்குத் தெரிந்த வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேர். துபாயிலிருந்து மாமா கொண்டுவந்த இந்தப் புத்தகத்தை மாறி மாறிப் படித்தார்கள். தம்பிக்குத் தாங்கவில்லை. "பெத்த பிள்ளையை மறக்குறேன்னு எந்த உம்மா காக்கா சொல்லுவாங்க? இதுக்குப் பதிலே சொல்லாம விட்டிருக்கலாம்" என்றான் அண்ணனிடம். பெரியவன் புத்தகத்தை வாங்கி அந்தப் பக்கத்தைத் திரும்ப எடுத்துக் காட்டினான். "அவங்க மறந்ததைப் பாக்குற. ஞாபகம் வெச்சிருந்தா உசுரோட இருந்திருப்பாங்களான்னு பாரு" என்றான். அன்று மக்ரிப் பாங்கு சொல்லும்வரை அந்தப் பேச்சு போனது. தம்பி சமாதானம் ஆகவில்லை.

இரண்டு பேருமே சரியாகப் படித்தவர்கள். வேறுபாடு எங்கே வந்தது என்றால், தம்பி அந்த ஐந்து வருட இடைவெளியைத் தன் பதிலால் நிரப்பி வைத்திருந்தான். உர்ஸா எங்கோ இருந்துகொண்டு மகனை நினைத்துக்கொண்டே இருக்கிறாள் என்று. கதை சொல்லாமல் விட்ட இடத்தில் ரசிகர் தானே முடிவு செய்து நம்புவதை ஹெட்கேனான் என்பார்கள். ரசிகர்களின் கோபத்தில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கிறது. காமிக்ஸ் வெற்றிடத்துக்குள் வரவில்லை. ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கும் இடத்துக்குள் வருகிறது. இடைவெளி எவ்வளவு நீளமோ, அந்தக் குடியிருப்பு அவ்வளவு உறுதி. ரசிகர்களைக் குழந்தைத்தனம் என்று ஒதுக்குபவர்கள் இந்த ஒன்றைக் கவனிப்பதே இல்லை.

முடிந்ததை நீட்டலாமா

சில முடிவுகள் வேண்டுமென்றே திறந்து விடப்பட்டவை. ஏஞ்சல் தொடர் 2004-இல் முடிந்தபோது, நாயகனும் மிஞ்சிய நண்பர்களும் கொட்டும் மழையில் ஒரு சந்துக்குள் நிற்கிறார்கள். எதிரே அரக்கர் படை, மேலே டிராகன். ஏஞ்சல் கத்தியை ஓங்குகிறான், திரை இருள்கிறது. ஜெயித்தார்களா, செத்தார்களா, தெரியாது. 2007-இல் வந்த 'ஆஃப்டர் த ஃபால்' காமிக்ஸ் 17 இதழ்களில் அதற்குப் பதில் சொன்னது: லாஸ் ஏஞ்சலஸ் நகரமே நரகத்துக்குள் போய்விடுகிறது. கதை திறமையாக எழுதப்பட்டது. ஆனாலும், சந்தில் நின்ற அந்த நொடியே போதும், போராட்டம் ஓயாது என்பதுதான் தொடரின் சாரம் என்று நினைத்தவர்கள் பலர் அதைத் தொடவே விரும்பவில்லை. நானும் அந்தப் பக்கம்தான்.

இதற்கு நேரெதிர் உதாரணம் 'லெஜண்ட் ஆஃப் கோரா', ஆங்குக்கு அடுத்த அவதாரான கோரா என்ற பெண்ணின் கதை. 2014 டிசம்பரில் முடிந்த அந்தத் தொடரின் கடைசிக் காட்சியில் கோராவும் அவள் தோழி அசாமியும் கைகோத்து ஒளிக்குள் நடந்து போகிறார்கள். அவர்கள் காதலர்கள் என்று உருவாக்கியவர்கள் சில நாளில் எழுத்தில் உறுதி செய்தார்கள். டிவியில் அதை வெளிப்படையாகக் காட்ட முடியாத காலம் அது. 2017-இல் டிமார்டினோவே எழுதி, ஐரீன் கோ வரைந்த 'டர்ஃப் வார்ஸ்' அதே ஒளியின் மறுபக்கத்தில் தொடங்குகிறது; முதல் சில பக்கங்களிலேயே முத்தமிடுகிறார்கள். வில்லன் மேலோட்டமானவன் என்ற குறை உண்டு. ஆனால் தொடர் அரைவாய் திறந்து சொன்னதைக் காமிக்ஸ் முழுதாகச் சொன்னதற்காகவே அதைப் பத்திரமாக வைத்திருக்கும் வாசகர்கள் பலர். திரை தயங்கியதைக் காகிதம் செய்தால் வரவேற்பு. திரை தெரிந்தே நிறுத்தியதைக் காகிதம் நீட்டினால் எதிர்ப்பு. நான் படித்தவரையில் பெரும்பாலும் இப்படித்தான் விழுகிறது.

இது நமக்குப் புதிய வழக்கும் இல்லை. கம்பர் ஆறு காண்டத்தோடு பட்டாபிஷேகத்தில் நிறுத்தினார். உத்தர காண்டம் ஒட்டக்கூத்தர் பெயரில் தமிழில் வழங்குகிறது. ஆனால் ராமாயணம் வாசிக்கிற வீடுகளில் பட்டாபிஷேகத்தோடு மங்களம் பாடி முடித்துவிடுகிறார்கள். சீதையைத் திரும்பக் காட்டுக்கு அனுப்பும் கதை அவர்களுக்குத் தெரியாததல்ல. வேண்டாம் என்று விடுகிறார்கள். ராமேஸ்வரத்தில் இதற்கு மறுபக்கம் இருக்கிறது. அனுமன் கயிலையிலிருந்து லிங்கம் கொண்டுவரத் தாமதமாக, சீதை மணலால் பிடித்த லிங்கத்தை ராமர் பூஜித்ததாகத் தலபுராணம் சொல்கிறது. வால்மீகி இதை இப்படிச் சொல்லவில்லை. அதற்காக இந்தத் தீவில் யாரும் அதைக் குறைத்து நினைப்பதில்லை. எந்தத் தொடர்ச்சியை வைத்துக்கொள்வது, எதை விடுவது என்பதைக் கேட்பவர்கள் காலகாலமாகத் தாங்களேதான் தீர்மானித்து வந்திருக்கிறார்கள்.

படிக்காமலே சண்டை

ஒரு விஷயம் எனக்கு உண்மையிலேயே வருத்தம். இந்தக் காமிக்ஸ்களைத் திட்டுபவர்களில் நிறையப் பேர் யூடியூபில் பத்து நிமிடக் கதைச்சுருக்கம் பார்த்தவர்கள். சுருக்கத்தில் சம்பவம் மட்டும்தான் வரும். 'உர்ஸா நினைவை அழித்துக்கொண்டாள்' என்று ஒரு வரியில் கேட்டால் யாருக்கும் ஆத்திரம்தான் வரும். அந்த முடிவுக்கு முன்னால் குரிஹிரு வரைந்த அவள் முகத்தைப் பார்க்காமல் அதை எடைபோட முடியாது. விலைதான் தடை என்பது எனக்குத் தெரியும். இறக்குமதிப் புத்தகம் மலிவாகக் கிடைப்பதில்லை. நாலு பேர் சேர்ந்து ஒரு பிரதி வாங்கிச் சுற்றுக்கு விடலாம். நம் ஊர்களில் காமிக்ஸ் வளர்ந்ததே அப்படித்தான்.

புதிதாகத் தொடங்குபவர்கள் வெளிவந்த வரிசையில் 'தி ப்ராமிஸ்' முதலில், பிறகு 'தி சர்ச்', அதன்பின் 2014-இல் வந்த 'தி ரிஃப்ட்' என்று போவது நல்லது. ஆங்கின் காலத்துக்கும் கோராவின் காலத்துக்கும் நடுவில் அந்த உலகம் எப்படித் தொழிற்சாலையும் நகரமுமாக மாறியது என்பது அதில்தான் புரியும். பஃபி படிப்பவர்கள் சீசன் எட்டின் நடுவில் சலித்தால், அங்கேயே மூடிவிடாமல் சீசன் ஒன்பதின் முதல் தொகுப்பையாவது பார்த்துவிடுங்கள்.

2021-இல் நிக்கலோடியன் 'அவதார் ஸ்டூடியோஸ்' என்று தனிப்பிரிவே தொடங்கி, உருவாக்கிய இருவரையும் பொறுப்பில் வைத்தது. ஆங் வளர்ந்த பிறகான அனிமேஷன் படமும் அறிவிக்கப்பட்டது. காமிக்ஸ் பத்து வருடத்துக்கும் மேலாக எழுதி வந்த அதே காலப்பகுதிக்குள் திரை நுழைகிறது. எக்ஸ்-ஃபைல்ஸில் பார்த்த கணக்குப்படி, இரண்டும் முட்டிக்கொள்ளும் இடத்தில் காமிக்ஸ்தான் விட்டுக்கொடுக்கும். உர்ஸாவின் கதையைப் படத்தில் மாற்றினால், கீழக்கரைத் தம்பி சந்தோஷப்படுவான். அண்ணன் அந்தப் புத்தகத்தைத் தூக்கிப் போடப்போவதில்லை.